சிவப்பணு செத்தால் லாபமா, நஷ்டமா?

(இரண்டாம் ஆண்டு, சிவில்)



இந்த ஒரு வரியை நீங்கள் படித்து முடிப்பதற்குள் உங்கள் உடம்பில் ஏறக்குறைய ஒரு கோடி சிவப்பணுக்கள் செத்துப் போயிருக்கும். பயப்பட வேண்டாம், அதே அளவு புதிதாகப் பிறந்தும் இருக்கும்!

நம்பாதவர்கள் கால்குலேட்டரை எடுங்கள். பெரியவர் ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள். 5 லிட்டர் என்பது 50 லட்சம் கன மில்லிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 25 லட்சம் கோடி. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். 120 நாளுக்கு எத்தனை வினாடி என்று போட்டு வகுத்துப் பாருங்கள். வினாடிக்கு 24 லட்சம் வரும். வரவு 24 லட்சம், செலவு 24 லட்சம். இந்த வரவு செலவு ஒழுங்காக நடக்கும்வரை நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

இந்தக் கணக்குக்குள் மலேரியாக் கிருமி புகுந்தால் என்ன ஆகும்? சிவப்பணு சாவது நோயாளிக்கு நல்லதா, கெட்டதா? "ரத்தம் செத்தா நல்லதாடா?" என்று என் ரூம் மேட் சிரித்தான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் விஷயம் அவ்வளவு நேர்கோடாக இல்லை.

ஒரு சிவப்பணு எப்படிச் சாகிறது?

சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. அதனால் பழுதான பாகத்துக்குப் பதில் புதிதாகச் செய்துகொள்ளும் வசதியும் கிடையாது. பொருத்தி அனுப்பியதோடு சரி, ஸ்பேர் பார்ட்ஸ் இல்லாத வண்டி! நிமிடத்துக்குச் சுமார் ஒரு சுற்று என்று உடம்பெல்லாம் ஓடி ஓடித் தேய்கிறது. தேய்ந்தது எங்கேயாவது நடுவழியில் வெடித்துவிட்டால் ஆபத்து. உள்ளே இருக்கும் ஹீமோகுளோபின் ரத்தத்தில் கொட்டி, சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதனால் வெடிப்பதற்கு முன்பே, "என்னை எடுத்துவிடுங்கள்" என்று சிவப்பணுவே கொடி காட்ட ஓர் ஏற்பாடு இருக்கிறது.

அந்தக் கொடியை நம் பாடத்திலிருந்தே சொல்கிறேன். சிவப்பணுவின் மேல்தோலை இரட்டைச் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்ஃபாடிடைல்செரின் என்ற ஒரு கொழுப்புப் பொருள் எப்போதும் உள்சுவரில்தான் இருக்கும். அணு தேய்ந்தோ, அடிபட்டோ அதற்குள் கால்சியம் கசிய ஆரம்பித்தால், உட்பூச்சு வெளிப்பூச்சாகத் திரும்புவது போல் இந்தப் பொருள் வெளியே வந்துவிடும். அணுவும் தண்ணீர் இழந்து சுருங்கும். இதைக் கண்ட விழுங்கணுக்கள் (மண்ணீரலிலும் ஈரலிலும் காவல் இருப்பவை) அந்தச் சிவப்பணுவைச் சத்தமில்லாமல் விழுங்கி ஜீரணித்து, அதிலுள்ள இரும்பைத் திரும்ப உடம்புக்கே கொடுத்துவிடும். இந்தத் தற்கொலைக்கு எரிப்டோசிஸ் என்று பெயர். ஜெர்மனியில் டூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ளோரியன் லாங் குழுவினர் 2000க்குப் பிறகு இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள்.

மண்ணீரலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நாம் லேபில் மணலைச் சல்லடையில் சலித்து தரம் பார்ப்போம் அல்லவா? மண்ணீரல் ரத்தத்தைச் சலிக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். சிவப்பணுவின் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரான். மண்ணீரலின் இடுக்குகளோ ஒரு மைக்ரான் அளவுதான்! அப்படியானால் எதுவுமே போகக் கூடாதே? போகும். நல்ல சிவப்பணு ரப்பர் மாதிரி நெளிந்து நுழைந்துவிடும். விறைத்துப் போனது மாட்டிக்கொள்ளும். இந்தச் சல்லடை பார்ப்பது அளவை அல்ல, நெகிழ்வை.

திருடன் உள்ளே

1880ல் அல்ஜீரியாவில் லாவரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் நோயாளியின் ரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1897ல் நம் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் அதைக் கொசுவின் வயிற்றில் கண்டுபிடித்தார். இருவருக்குமே நோபல் பரிசு கிடைத்தது. இதெல்லாம் பொது அறிவுக் கேள்வியில் வரும், நான் நீட்டவில்லை.

அனோபிலிஸ் பெண் கொசு கடித்தவுடன் கிருமி நேராக ஈரலுக்குப் போகிறது. ஒரு வாரமோ அதற்கு மேலோ அங்கே பெருகிய பிறகுதான் ரத்தத்துக்கு வருகிறது. வந்தவுடன் ஒரு நிமிடத்துக்குள் ஒரு சிவப்பணுவைத் துளைத்து உள்ளே போய்விடும். ஏன் சிவப்பணு? வேறு செல்லாக இருந்தால் "எனக்குள்ளே திருடன் இருக்கான்" என்று வெளியே துண்டு காட்டிவிடும். உட்கரு இல்லாத சிவப்பணுவால் அது முடியாது. ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல வீடு ஏது?

பால்சிபாரம், வைவாக்ஸ் என்ற இரண்டு வகைதான் நம் நாட்டில் முக்கியம். இரண்டுக்குமே சிவப்பணுவுக்குள் 48 மணி நேரம் தேவை. அதற்குள் ஹீமோகுளோபினில் பாதிக்கு மேல் தின்று, தன்னைப் பல துண்டாகப் பிரித்து, கடைசியில் வீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஒன்று போய் 16 வரும், பால்சிபாரத்தில் சில சமயம் 30கூட வரும். எல்லா வீடும் ஒரே நேரத்தில் உடையும்போதுதான் அந்தக் குளிரும் நடுக்கமும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவதால் முறைக்காய்ச்சல் என்று பெரியவர்கள் பெயர் வைத்தார்கள்.

48 மணி நேரப் பந்தயம்

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. கிருமி உள்ளே புகுந்தவுடன் சிவப்பணுவின் உடல்நிலை கெடுகிறது. ஹீமோகுளோபினைத் தின்னும்போது மிஞ்சும் ஹீம் என்ற பொருள் விஷம். (கிருமி அதைப் படிகமாக்கி மூட்டை கட்டி வைக்கும். அந்த மூட்டை கட்டும் வேலையைத் தடுப்பதுதான் குளோரோகுயின் மாத்திரை.) தனக்குச் சாப்பாடு வரவும், கழிவு போகவும் கிருமி சுவரில் புதுப் புது வழிகளைத் திறக்கிறது. வழி திறந்தால் வேண்டியது மட்டுமா வரும்? கால்சியமும் உள்ளே கசியும். கால்சியம் வந்தால் கொடி வெளியே வரும். அதாவது, நோயுற்ற சிவப்பணு தன் 120 நாள் கெடுவுக்குக் காத்திருக்காமல் முன்கூட்டியே சாகத் தயாராகிறது! 48 மணி நேரம் முடிவதற்குள் விழுங்கணு அதை விழுங்கிவிட்டால், உள்ளே இருக்கும் கிருமியும் சேர்ந்து சாகும்.

கிருமியும் சும்மா இருக்குமா? உள்ளே வரும் கால்சியத்தைத் தன் உடம்புக்குள் இழுத்து வைத்துக்கொண்டு சிவப்பணுவின் சாவைத் தள்ளிப் போடுகிறது. இன்னொன்றும் செய்கிறது. அது வளர்வதற்குத் தேவையானதைவிட மிக அதிகமான ஹீமோகுளோபினைத் தின்கிறது. இவ்வளவு பசி எதற்கு? 2003ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் விர்ஜிலியோ லூவும் உடன் ஆய்வு செய்தவர்களும் ஒரு விளக்கம் தந்தார்கள். ஹீமோகுளோபின் நெருக்கமாக இருந்தால் தண்ணீரை உள்ளே இழுக்கும், அணு ஊதி 48 மணிக்கு முன்பே வெடித்துவிடும். அதைத் தவிர்க்கத்தான் தின்று தின்று அடர்த்தியைக் குறைக்கிறதாம். டேங்க் உடையாமல் இருக்க முன்கூட்டியே பிரஷரை இறக்கி விடுவது மாதிரி. யார் சொல்லிக் கொடுத்தார்கள் இதற்கு?

பால்சிபாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அது குடியிருக்கும் சிவப்பணு விறைத்துவிடும், மண்ணீரல் சல்லடையில் நிச்சயம் மாட்டும். அதனால் அணுவின் மேல் குமிழ் குமிழாகப் பசை போன்ற புரதத்தை நீட்டி, சிறு ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. சல்லடைப் பக்கமே போவதில்லை! அப்படி ஒட்டுவது மூளையின் குழாய்களில் நடந்தால்தான் மூளை மலேரியா, உயிருக்கே ஆபத்து. வைவாக்ஸ் வேறு தந்திரம் வைத்திருக்கிறது. இளம் சிவப்பணுக்களாகப் பார்த்துப் புகுந்து, அவற்றை இன்னும் நெகிழ வைக்கிறது.

முன்கூட்டிச் சாவதால் எவ்வளவு லாபம்? நான் ஒரு கணக்குப் போட்டேன். இது ஆய்வு அல்ல, வெறும் பெருக்கல்தான். ஒரு கிருமி 48 மணிக்கு 16 ஆகிறது என்றால் 10 நாளில் ஐந்து சுற்று. 16ஐ ஐந்து முறை பெருக்கினால் 10,48,576. இப்போது ஒவ்வொரு சுற்றிலும் பாதி சிவப்பணுக்கள் மட்டும் முன்கூட்டியே செத்துவிடுகின்றன என்று வையுங்கள். 16க்குப் பதில் 8. அதே 10 நாளில் 32,768தான். குறைந்தது பாதியாக அல்ல நண்பர்களே, முப்பத்திரண்டில் ஒரு பங்காக! கூட்டு வட்டியில் வட்டி விகிதம் கொஞ்சம் குறைந்தால் கடைசித் தொகை எவ்வளவு குறையும் என்று கடன் வாங்கியவர்களுக்குத் தெரியும்.

பிறவியிலேயே கவசம்

சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பணு கொஞ்சம் பலவீனம். அதுவே மலேரியாவிடமிருந்து அவர்களைக் காப்பாற்றுகிறது. அரிவாள் செல் இதற்குப் பெரிய உதாரணம். ஹீமோகுளோபினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் வருவது. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் அது கொடிய நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை, கடுமையான பால்சிபாரம் மலேரியா வருவதும் மிகவும் குறைவு. 1954ல் ஆந்தனி அலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் இதைக் காட்டினார். அதற்கும் முன்பே, 1952ல், நம் நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த அரிவாள் செல் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இருவர் கண்டுபிடித்து எழுதினார்கள். இந்தியாவில் இதுதான் முதல் பதிவு. நம் ஊர் மலை உலக மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது, நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக இருப்பவர்களுக்கும் இதே போல ஓரளவு பாதுகாப்பு உண்டு. காரணம் என்ன? இத்தாலியின் டூரின் நகர ஆய்வாளர்கள் 1998லும் 2004லும் வெளியிட்ட ஆய்வுகளில் ஒன்றைக் காட்டினார்கள். இப்படிப்பட்ட சிவப்பணுக்களிலும் கிருமி தாராளமாகப் புகுகிறது. ஆனால் அது இளசாக, மோதிர வடிவில் இருக்கும்போதே விழுங்கணுக்கள் அந்த அணுக்களை அதிகமாக விழுங்கிவிடுகின்றன. பலவீனமான வீடு, திருடன் காலை வைத்ததும் இடிந்து அவன் மேலேயே விழுகிறது!

ஆக, சிவப்பணு செத்தால் லாபம் என்று முடித்துவிடலாமா? முடியாது. மறுபக்கம் எங்கள் வீட்டிலேயே நடந்தது.

நல்ல அணுக்கள் ஏன் சாகின்றன?

எங்கள் அப்பா கொத்தனார். படித்தவர் இல்லை. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான்தான் முதல். போன வருஷம் அப்பா வெளியூர் சைட்டில் தங்கி வேலை பார்க்கும்போது காய்ச்சல் வந்தது. அங்கே ஒரு கிளினிக்கில் ரத்தமே பார்க்காமல் ஊசி போட்டு அனுப்பினார்கள். விட்டது போல விட்டு, திரும்ப வந்தது. ஊருக்கு வரும்போது ஆள் வெளுத்துப் போயிருந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண்ணாடித் தகட்டில் ரத்தம் தேய்த்துப் பார்த்த லேப் அக்கா, "வைவாக்ஸ் தம்பி. ஆனா பூச்சி ரொம்ப இல்ல, தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கு" என்றார். ஹீமோகுளோபின் எவ்வளவு தெரியுமா? 7! ஆண்களுக்கு 13க்குக் குறையக் கூடாது.

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. நூறில் ஒரு சிவப்பணுவில்கூட கிருமி இல்லை. அவை மட்டும் வெடித்திருந்தால் நஷ்டம் ரொம்பக் கொஞ்சம்தானே? பாதி ரத்தம் எங்கே போச்சு?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் லைப்ரரியில் உட்கார்ந்தேன், இந்தக் கட்டுரையும் அப்படி வந்ததுதான். பதில் இது: கிருமி புகாத நல்ல சிவப்பணுக்களும் சாகின்றன, அதுவும் அதிகமாக. பழைய நோயாளிக் குறிப்புகளை வைத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டதில், பால்சிபாரத்தில் நோயுற்ற ஓர் அணுவுக்குச் சுமார் 8 நல்ல அணுக்களும், வைவாக்ஸில் சுமார் 34 நல்ல அணுக்களும் அழிகின்றன என்று தெரிந்தது. முறையே 1999லும் 2003லும் வெளியான கணக்குகள். ஒன்றுக்கு முப்பத்து நாலு!

ஏன் இப்படி? காரணம் ஒன்றல்ல. காய்ச்சலில் மண்ணீரல் வீங்கி, சல்லடைக் கண்ணை இறுக்கிவிடுகிறது. கொஞ்சம் விறைத்த நல்ல அணுக்கூட மாட்டுகிறது. கிருமி வீட்டை உடைக்கும்போது சிதறும் கழிவுகள் பக்கத்து அணுக்களின் மேல் ஒட்டி அவற்றையும் குற்றவாளி ஆக்குகின்றன. 2016ல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வில் எலிகளிடம் இன்னொன்று தெரிந்தது. மேலே சொன்ன கொடி இருக்கிறதே, பாஸ்ஃபாடிடைல்செரின், அதற்கு எதிராகவே உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. அந்த எதிர்ப்பொருள் கொடி காட்டிய நல்ல அணுக்களையும் பிடித்துக் கொடுத்துவிடுகிறது. இதற்கு நடுவில் எலும்பு மஜ்ஜையும் வேலையை மந்தமாக்குகிறது. செலவு ஏறுகிறது, வரவு இறங்குகிறது. திருடனைப் பிடிக்கத் தெருவையே கைது செய்யும் போலீஸ் மாதிரி! உலகத்தில் 2023ல் மலேரியாவால் இறந்ததாகக் கணக்கிடப்பட்ட 5 லட்சத்து 97 ஆயிரம் பேரில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அவர்களில் பலரின் உயிரைக் குடிப்பது இந்த ரத்தசோகைதான்.

சிவில் மாணவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை, மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும். நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கொசு சுத்தமான நீரில்தான் முட்டை இடும். ஓவர்ஹெட் டேங்க், கிணறு, அப்புறம் நாம் ஸ்லாப் மேல் பாத்தி கட்டி நிறுத்தும் கியூரிங் தண்ணீர். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் கியூரிங் என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வரவும் ஏறத்தாழ அதே அளவு நாள்தான்! வாரத்துக்கு ஒரு முறை பாத்தியை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் கட்டினால் புழு செத்துவிடும், கான்கிரீட்டுக்கும் நஷ்டம் இல்லை. ஈரச் சாக்கு போட்டாலும் நடக்கும்.

இரும்பு மாத்திரை விவகாரம்

ரத்தம் குறைந்தால் என்ன செய்வோம்? இரும்புச்சத்து மாத்திரை. பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுத்த நீல மாத்திரை ஞாபகம் இருக்கிறதா? ஆப்பிரிக்காவில் தான்சானியாவைச் சேர்ந்த பெம்பா தீவில் சின்னக் குழந்தைகளுக்குத் தினமும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2006ல் வெளியான முடிவு எல்லோரையும் அதிர வைத்தது. மாத்திரை வாங்கிய குழந்தைகளிடம் கடுமையான நோயும் இறப்பும் கூடியிருந்தன!

சிவப்பணுக் கணக்கை வைத்துப் பார்த்தால் ஒரு காரணம் புரியும். இரும்பு குறைந்த சிவப்பணு எளிதில் கொடி காட்டிச் சாகும். டூபிங்கன் குழுவினர் 2007ல் இரும்புச்சத்து குறைந்த எலிகளில் மலேரியாக் கிருமி குறைவாகவே பெருகுவதைக் கண்டார்கள். இரும்பு கொடுத்தால் புது, இளம் அணுக்கள் ஏராளமாக வரும், கிருமிக்குப் புது வீடுகள்! இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மலேரியா மிகுந்த இடத்தில் கொசுவலையும் மலேரியா சிகிச்சையும் சேர்த்துத்தான் இரும்பு கொடுக்க வேண்டும் என்பதே பின்னர் வந்த முடிவு. மலேரியா இல்லாத ஊரில் ரத்தசோகையோடு இருப்பதால் யாருக்கும் ஒரு பைசா லாபமில்லை. நம் மாணவிகள் ஹாஸ்டலில் மயங்கி விழுவது எதனால் என்று எல்லோருக்கும் தெரியும்.

சரி, சிவப்பணுக்களை வேண்டுமென்றே சீக்கிரம் சாகடிக்கும் மருந்து கொடுத்தால்? அந்த டூபிங்கன் குழு அதையும் எலிகளிடம் பார்த்தது. ஈயம் கொடுத்தபோதுகூட கிருமி குறைந்தது. ஆனால் ஈயம் மருந்தல்ல, விஷம். எலியில் நடந்தது எலியோடு இருக்கட்டும். என் அபிப்பிராயத்தில் இந்த வழி கத்திமேல் நடப்பது. நோயுற்ற அணுவை மட்டும் சாகடித்து, நல்லதை விட்டுவைக்கும் மருந்து வந்தால்தான் பயன்.

குணமான பிறகும்

அப்பாவுக்குக் குளோரோகுயினோடு பிரைமாகுயின் 14 நாள் கொடுத்தார்கள். வைவாக்ஸ் கிருமியில் சில ஈரலில் தூங்கிக்கொண்டிருக்கும், வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட. அதைக் கொல்ல இந்த மாத்திரைதான். காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிடும், மாத்திரையும் அதோடு நின்றுவிடும், பிறகு காய்ச்சல் திரும்பும். அதனால் 14 நாளும் அம்மா எண்ணி எண்ணிக் கொடுத்தார்கள். ஆனால் மேலே சொன்ன ஜி-6-பி-டி குறைவு உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையே சிவப்பணுக்களைக் கூட்டமாகச் சாகடித்துவிடும். சிறுநீர் கறுத்துப் போகும். அப்பாவுக்கு முதலிலேயே அந்தச் சோதனை செய்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். கிருமியிடமிருந்து காப்பாற்றும் அதே பலவீனம் மருந்திடம் ஆபத்தாகிறது, பார்த்தீர்களா?

கடைசியாக ஒன்று. பால்சிபாரம் முற்றினால் ஆர்ட்டிசுனேட் ஊசி போடுவார்கள். அதன் மூல மருந்தான ஆர்ட்டிமிசினினைக் கண்டெடுத்ததற்காகத்தான் சீனாவின் து யுயு அம்மையாருக்கு 2015ல் நோபல் பரிசு கிடைத்தது. ஊசி போட்டதும் கிருமி அணுவுக்குள்ளேயே செத்துவிடும். அப்போது மண்ணீரல் ஒரு வித்தை செய்கிறது. புளியம்பழத்திலிருந்து கொட்டை எடுப்பது போல, செத்த கிருமியை மட்டும் பிதுக்கி எடுத்துவிட்டு சிவப்பணுவை மறுபடி ரத்தத்தில் விட்டுவிடுகிறது! பிழைத்த அணு பிழைத்ததுதான், ஆனால் அதன் ஆயுள் குறைந்துவிட்டது. ஒரே சமயத்தில் கொட்டை எடுக்கப்பட்ட இந்த அணுக்கள் எல்லாம் ஒன்றிரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம் கழித்து ஏறத்தாழ சேர்ந்தாற்போல் சாகின்றன. காய்ச்சல் விட்டு, வீட்டுக்கு வந்து, வேலைக்கும் போக ஆரம்பித்த ஆளுக்குத் திடீரென்று ரத்தம் இறங்குவது இதனால்தான். கிருமி திரும்பி வந்ததாக அர்த்தமில்லை. ஆர்ட்டிசுனேட் ஊசி போட்டுக்கொண்டவர்கள் அதற்குப் பின் நான்கு வாரம் வரை வாரம் ஒரு முறை போய் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும், காய்ச்சல் இல்லாவிட்டாலும்.